எர்ணாவூரில் வானத்தை மூட வந்த நாள்

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிப் படிகளையும் இறங்கித் தெருவுக்கு வந்தபோது காலை மணி ஐந்து நாற்பது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தோளில் ஒரு பை. பைக்குள் பூசுகிற கரணை, மட்டம் பார்க்கிற ரசமட்டம், ஒரு பாக்கெட் ஊதுபத்தி, என் மனைவி சரோஜா கட்டிக் கொடுத்த நாலு இட்லி. போகும் இடம் எர்ணாவூர். தூரம் என் கணக்கில் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு வீட்டின் நடுவில் நான் விட்டு வைத்த பத்தடிக்கு எட்டடி வானத்தை சிமென்ட் போட்டு மூடவிடாமல் தடுக்கப் போகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரன் ஜெகன் போன் செய்திருந்தான். துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன்.

"நைனா, நாளைக்கு மூணு மணிக்கு சென்ட்ரிங் ஆளுங்க ஷீட்டு அடிக்கிறாங்கோ. மித்தத்த மூடிடப் போறோம். உன்னாண்ட சொல்லாம செஞ்சிட்டான்னு பேரு வேணாம், அதான் சொல்லிட்டேன்."

"இன்னாடா ஆச்சு?"

"கரி நைனா. கஸ்தூரி தைக்கிற சட்டயெல்லாம் கரி."

கஸ்தூரி அவன் மனைவி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறாள். நான் விட்ட முற்றத்து ஓரத்தில்தான் அவள் மிஷின் இருக்கிறது, வெளிச்சத்துக்காக. தைத்து மடித்து வைத்த சட்டைகளில் கறுப்புப் புள்ளி விழுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை திரும்பினால் அந்த வேலை அவளுக்கு இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆகவே வானத்தை மூடிவிட்டு, டியூப் லைட் போட்டு, ஏசி மாட்டிக்கொள்வது என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்துவிட்டார்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். ஏழுமலை மேஸ்திரி. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பதினொரு வயதில் மணல் சுமந்தேன். இருபத்தாறில் மேஸ்திரி. இன்று எழுபத்தொன்று. வடசென்னையில் நான் கட்டிய வீடுகள் நூற்றுக்கு மேல். அதில் நடுவில் வானம் விட்ட வீடுகள் ஏழு. ஏழும் கத்திரி வெயிலில் ஏசி இல்லாமல் மனிதன் தூங்குகிற வீடுகள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மணி ஆறு பத்து. எம்.கே.பி. நகரிலிருந்து ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ. ஆளுக்கு முப்பது ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் காசிமேட்டில் மீன் வாங்க காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற பையன் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தைப் பார்த்தான்.

"இன்னா நைனா, ஞாயித்துக்கெயம கூட வேலயா?"

"வூட்ட காப்பாத்தப் போறேன்."

"இடிக்க வராங்களா?"

"மூட வராங்க."

அவனுக்குப் புரியவில்லை. புரியாதது அவன் குற்றமில்லை. இந்த ஊரில் இடிப்பதுதான் எல்லாருக்கும் தெரியும்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் இறங்கினேன். அங்கே ஒரு தெருவில் இன்று ஐந்து மாடி நிற்கிறது. எல்லா ஜன்னலுக்கும் கீழே ஏசி பெட்டி தொங்குகிறது. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் நடக்கிறவன் தலையில் விழுகிறது. அந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய வியாபாரியின் பழைய வீடு இருந்தது. பதினேழு வயதில் அதை இடிக்க வந்த கூலிகளில் நான் ஒருவன். என் வாழ்க்கையில் முற்றத்தை முதன்முதல் பார்த்தது அன்றுதான், கையில் கடப்பாரையோடு. வெளியே அனல். உள்ளே முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றோம். சாப்பிட்ட பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை. மின்விசிறி கிடையாது, ஒன்றும் கிடையாது. கூட வந்தவர்கள் தூங்கினார்கள். நான் எழுந்து அந்த வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். எந்த ஜன்னல் எங்கே, எந்தச் சுவர் எத்தனை கனம், காற்று எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று பார்த்தேன். பிறகு மூன்று வாரம் அதை இடித்தேன். இடிக்கிறவனுக்குத்தான் சுவரின் குடல் தெரியும். காலேஜில் படித்தவனுக்கு அந்தப் பாடம் கிடைக்காது.

பின்னாளில் நான் வியாசர்பாடி ஆட்களுக்கு முற்றம் வைத்துக் கட்டுகிறேன் என்று சொன்னபோது ஒரு இன்ஜினியர் சிரித்தார். "அது பெரிய மனுஷங்க வீட்டுக்கு ஏத்தது மேஸ்திரி. அரை கிரவுண்டுல இருக்கறவனுக்கு எதுக்கு?" என்றார். அன்றே முடிவு செய்தேன், அரை கிரவுண்டில்தான் கட்டுவேன் என்று. எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு வானம் வேண்டுமென்றால் தெருவுக்கு வர வேண்டும். என் அம்மா தலைமுடியைக் காய வைக்கக்கூட நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் நின்றாள். பெரிய மனிதர்களுக்கு முற்றம் அழகு. எங்களுக்கு அது அவசியம்.

மணி ஏழு ஐந்து. திருவொற்றியூர் பஸ். ஐந்தாறு கிலோமீட்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இலவசப் பயணச் சீட்டால் விசிறிக்கொண்டே வந்தார். டோல்கேட் தாண்டும்போது பேச்சுக் கொடுத்தேன். அவர் வீட்டில் போன வருஷம் ஏசி வாங்கினார்களாம்.

"ஜில்லுன்னு கீதா?"

"கரண்டு பில்லு வந்தப்பதான் ஜில்லுன்னு இருந்திச்சு," என்றார்.

மணி ஏழு நாற்பத்தைந்து. காலடிப்பேட்டை. இறங்கி ஒரு டீ, பதினைந்து ரூபாய். டீக்கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி நான் கட்டிய நாலாவது வீடு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கிற வீடு. தெருப் பக்கம் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். போகிறவன் வருகிறவன் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் உள்ளே போனால் எல்லா அறையும் நடுவில் இருக்கும் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் நைட்டியோடு வானத்தைப் பார்த்து உட்காருவார்கள். கேட்க ஆள் கிடையாது. கிழக்குச் சுவரில் மட்டும் உயரத்தில் ஓட்டை ஓட்டையாக ஜாலி வைத்திருக்கிறேன், கடல் காற்றுக்காக. கிழக்கே ஜாலி என்பது என் கையெழுத்து மாதிரி. ஏழு வீட்டிலும் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஏழுமலை கட்டியது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றும் அந்த ஜாலியை நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

மணி எட்டு இருபது. எண்ணூர் விரைவுச் சாலை வழியாக எர்ணாவூருக்கு ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய். இந்தப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்கிறேன். வலது கைப்பக்கம் கடல், கரையில் கறுப்புப் பாறாங்கல். நடுவில் சாலை. சாலையில் ஒன்றன் பின் ஒன்றாக டிரெய்லர்கள், துறைமுகத்துக்குள் போக முறை வருவதற்காக நிற்கின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் சமைக்கிறார்கள், பல் துலக்குகிறார்கள், சீட்டாடுகிறார்கள். இடையில் கரி ஏற்றியது, சாம்பல் ஏற்றியது என்று லாரிகள் போகின்றன. சிலவற்றின் மேல் தார்ப்பாய் உண்டு. சிலவற்றின் மேல் பேருக்கு ஒரு மூலையில் உண்டு. ஆட்டோவிலிருந்து இறங்கி முகத்தைத் துண்டால் துடைத்தேன். துண்டு கறுத்தது. பார்த்தேன், மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

மணி எட்டு ஐம்பது. ஜெகன் வீடு. விரைவுச் சாலையிலிருந்து மேற்கே இரண்டாவது தெரு. அரை கிரவுண்டு, இருபத்துநாலுக்கு ஐம்பது. சுவர் முழுக்க ஃப்ளை ஆஷ் கல், அதாவது அனல் மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல். இந்த ஊர்த் தலையில் கொட்டுகிற சாம்பலைத்தான் கல்லாக்கி இந்த ஊர்க்காரனுக்கு வீடு கட்டினேன். கல்லைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவில் பொந்து விட்ட சுவர். வெயில் வெளிக் கல்லைச் சுடும். பொந்தைத் தாண்டி உள் கல்லுக்கு வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். மொட்டை மாடிக்கு வருஷா வருஷம் வெள்ளைச் சுண்ணாம்பு. நடுவில் முற்றம். இரவில் குளிர்ந்த காற்று கனமாக இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்குகிற மாதிரி முற்றத்தில் இறங்கி அறைகளுக்குள் பரவும். பகல் முழுக்கச் சுவர்கள் அந்தக் குளிரை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும்.

இந்த வீட்டுக்குத் தெருவில் ஒரு பேர் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் வரைபடத்தில் இன்ஜினியர் முற்றத்துக்கு 'கோர்ட் யார்டு' என்று எழுதியிருந்தார். ஜெகன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கோபமாக என்னிடம் வந்தான். "கோர்ட்டு, யார்டு ரெண்டுமே நமக்கு ஆவாது நைனா. யார்டுன்னா கன்டெய்னர் அடுக்குற எடம். ராவும் பகலும் அங்கதான் குந்திகினு கீறேன். வூட்டுக்குள்ள வேற யார்டா?" என்றான். இந்தக் கதை தெருவில் பரவி, அன்றிலிருந்து அது யார்டு வீடு.

கஸ்தூரி கதவைத் திறந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "வாங்க மேஸ்திரி" என்றவள் உட்காரச் சொல்வதற்கு முன் ஒரு சட்டையை விரித்துக் காட்டினாள். வெள்ளைச் சட்டை. காலரிலும் தோளிலும் மிளகுத் தூள் தூவின மாதிரி கறுப்பு.

"தைக்கும்போது வெள்ள. மடிக்கும்போது வெள்ள. காலைல பிரிச்சா இது. நா கண்ணு போக தைக்கிறது கயுவுறதுக்கா?"

"இவன் டிரெய்லர்ல இருந்து தூசோட வந்து உதறியிருப்பான்," என்றேன்.

"நா வெளியவே குளிச்சிட்டுதான் உள்ள வரேன் நைனா," என்றான் ஜெகன்.

"அப்போ அடுப்பு."

"கேஸ் அடுப்புல கரி வருமா மேஸ்திரி?" என்றாள் கஸ்தூரி. "தலைக்கு மேல ஓட்டைய வச்சிட்டு மத்த எல்லாத்து மேலயும் பழி போடாதீங்க. ஆகாசம் தொறந்து கீது. எண்ணூர் ஆகாசத்துல இன்னா இருக்கும்? கரிதான் இருக்கும்."

மணி ஒன்பதரை. சென்ட்ரிங் பாஸ்கர் வந்தான். ஸ்லாபுக்குக் கீழே முட்டுக் கொடுத்து ஷீட்டு அடிக்கிறது அவன் தொழில். ஒரு காலத்தில் என்னிடம் வேலை செய்தவன். இப்போது சொந்த டெம்போ வைத்திருக்கிறான். முற்றத்தை டேப் பிடித்து அளந்தான்.

"இன்னா மேஸ்திரி, ஒன்னோட ஆகாசத்துக்கு இன்னிக்கு கடைசி நாளு."

"பாஸ்கரு, மூணு மணிக்குத்தானே உன் ஷீட்டு?"

"ஆமா."

"மூணு மணி வரைக்கும் கம்முனு குந்து. கரி மேலேயிருந்துதான் விழுதுன்னு தெரிஞ்சா நானே உனக்கு ஷீட்டு எடுத்துக் குடுக்கிறேன்."

"உதார் உடாத நைனா," என்றான். ஆனாலும் உட்கார்ந்தான்.

கஸ்தூரியிடம் வெள்ளைப் பாப்ளின் வெட்டுத் துண்டுகள் வாங்கினேன். பூச்சு வேலையில் எந்தப் பக்கத்துத் தூசி ஈரச் சுவரில் ஒட்டுகிறது என்று பார்க்க நான் செய்கிற வேலை இது. துணியை நனைத்துப் பிழிந்து ஓர் இடத்தில் விரித்து வைத்தால் காற்று அங்கே என்ன கொண்டு வருகிறதென்று அது எழுதிக் காட்டும். நாலு துண்டு வைத்தேன். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மறைவில் ஒன்று, முற்றத்து நடுவில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, கிழக்கு ஜாலிக்குக் கீழே ஒன்று. காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடைசித் துண்டை வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சுத்தமாக இருக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வெள்ளையாக இருப்பதைக் காட்டிப் பாஸ்கரின் வாயை அடைக்கலாம் என்றே வைத்தேன்.

மணி பதினொன்று. கரண்ட் போனது, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. தெருவே வெளியில் வந்து சுவர் நிழலில் நின்றது. எங்களுக்கு உள்ளே வேர்க்கவில்லை. வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்த பாஸ்கர் ஐந்து நிமிஷத்தில் உள்ளே வந்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். பிறகு முற்றத்து ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டான்.

"எம்மாம் நல்லா கீதுன்னு வாயால சொல்லு," என்றேன்.

"குளிர்ச்சியா கீது நைனா. குளிர்ச்சிய வச்சி சட்டைய வெளுக்க முடியுமா?"

கஸ்தூரி அப்போதும் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். கால் மிஷின். முற்றத்திலிருந்து வெளிச்சம் வந்ததால் அவளுக்குக் கரண்ட் போனதே தெரியவில்லை. மூடிவிட்டால் இந்த ஒன்றரை மணி நேரமும் அவள் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இதை நான் சொல்லவில்லை. ஜெகன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவனுக்கும் அது தோன்றியிருக்கும்.

மணி பன்னிரண்டு இருபது. கடல் காற்று வந்தது. சென்னைக்காரனுக்கு அந்த நேரம் தெரியும்; யாரோ கதவைத் திறந்த மாதிரி வரும். ஜாலி வழியாக நேராக முற்றத்துக்குள் அடித்தது. "பார், இதுதான் ஏழுமலை," என்றேன்.

மணி ஒன்று. துணிகளைப் பார்க்கப் போனோம். சமையலறை வாசலில் இருந்தது வெள்ளை. மொட்டை மாடியில் இருந்ததில் லேசாக ஒரு புழுதி நிறம். முற்றத்து நடுவில் இருந்ததில் ஒரு பாதி சாம்பல் நிறம், கிழக்கே பார்த்த பாதி. ஜாலிக்குக் கீழே இருந்த துணியை நான் எடுக்கவில்லை. கஸ்தூரி எடுத்தாள். டீ வடிகட்டி மாதிரி இருந்தது. ஜாலியில் இருந்த ஓட்டைகளின் வடிவம் வரிசை வரிசையாக அதில் கறுப்பாகப் படிந்திருந்தது.

என் கையெழுத்து என்று சொன்னேனே, அது வெள்ளைத் துணியில் கரியால் எழுதியிருந்தது.

ஐம்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே பாடம், சென்னையில் கடல் கிழக்கே, ஆகவே வீட்டைக் கிழக்கே திற. எல்லா மேஸ்திரிக்கும் இதுதான் பாடம். கடலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் லாரி ரோடு இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. காலையில் என் துண்டே சொல்லியும் கேட்கவில்லை. காற்று கடலிலிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் வழியில் லாரி ஏறி வருகிறது.

"யோவ், நீ ஓட்ற ரோட்டுத் தூசிதான்யா என் சட்டைல," என்றாள் கஸ்தூரி புருஷனிடம்.

"நா ஓட்றது கன்டெய்னர்டி. கரி லாரி இல்ல."

"சக்கரம் கெளப்புற புழுதி உன் சக்கரமா அவன் சக்கரமான்னு சட்டைக்குத் தெரியுமா?"

பாஸ்கர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். "அப்போ மேஸ்திரி, மூடிடலாமா?"

"எதை?"

"இன்னா எதை?"

"கரி வந்தது ஜாலி வழியா. நீ மூட வந்தது வானத்தை. திருடன் பின்பக்கக் கதவு வழியா வந்தா மாடியை இடிப்பியா?"

தப்பு என்னுடையது என்று சொன்னேன். எழுபத்தொரு வயதில் மூன்று பேர் முன்னால் சொன்னேன். ஆனால் என் தப்புக்காக அந்த வானம் தண்டனை அனுபவிக்க நான் விடமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

மணி ஒன்றே கால். வீட்டில் ஒரு பழைய காது குத்துப் பேனர் கிடந்தது. ஜாலி முழுவதையும் அதனால் மூடி, ஓரமெல்லாம் ஈரக் கோணியால் அடைத்தேன். முற்றத்து நடுவில் புதுத் துணி ஒன்றை நனைத்து விரித்தேன். இந்தத் தடவை நான் பக்கத்தில் போகவில்லை. தண்ணீர் தெளிப்பதும் கஸ்தூரி, காவலும் கஸ்தூரி. வெளியே காற்று உச்சத்தில் இருந்தது. கிழக்கே அடைத்துவிட்டதால் வீட்டுக்குள் புழுங்கியது. பாஸ்கர் அதையும் கவனித்தான்.

"பாத்தியா நைனா, கரி நின்னா காத்தும் நின்னுடுச்சு. இதுக்கு ஸ்லாபே மேலு."

என் மனதில் ராயபுரத்து வீடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் கிழக்கே ஜன்னலே கிடையாது. பின்னே காற்று எங்கிருந்து வந்தது? சந்துப் பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், குனிந்து பார்த்தால்தான் தெரிகிற ஓட்டைகள். இடிக்கும்போது எலி வளை என்று நினைத்து உதைத்தேன். ஐம்பத்துநாலு வருஷம் கழித்து எர்ணாவூரில் உட்கார்ந்துகொண்டுதான் அது ஜன்னல் என்று எனக்குப் புரிந்தது.

மணி மூன்று. வாசலில் பாஸ்கரின் டெம்போ ஷீட்டோடு வந்து நின்றது. கஸ்தூரி துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளின் கண். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கறுப்புப் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஆறு," என்றாள்.

ஒன்றுமே விழாது என்று நான் சொல்லவில்லை. எண்ணூர் பக்கத்து வானம் இது. கொஞ்சம் விழத்தான் செய்யும். தைத்த துணிக்கு மேல் ஒரு பழைய புடவையைப் போட்டால் அந்த ஆறும் தெரியாது. அவள் அந்த வெள்ளைத் துணியையும் ஒரு மணிக்கு எடுத்த கறுப்புத் துணியையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜெகன் அவளைப் பார்த்தான். பாஸ்கர் ஜெகனைப் பார்த்தான்.

"புழுங்கிச்சுன்னா எனக்கு வாணாம் மேஸ்திரி. காத்து வரணும், கரி வரக்கூடாது. ரெண்டும் நடந்தா மித்தம் இருக்கட்டும்," என்றாள் கஸ்தூரி.

"கடப்பாரை இருக்கா பாஸ்கரு?" என்றேன்.

வீட்டுக்குத் தெற்கே மூன்றடிச் சந்து, ஜெகன் இடம். லாரி ரோட்டுக் காற்று நேராக நுழையாத இடம், எப்போதும் நிழல். அந்தச் சுவரில் தரையோடு தரையாக மூன்று இடத்தில் கோடு போட்டேன், ஒன்றரை அடிக்கு முக்கால் அடி. பாஸ்கரின் ஆட்கள் உடைத்தார்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே கூட நின்றான். "மூட வந்தவன தொறக்க வச்சிட்டியே நைனா. ஊர்ல சொன்னா சிரிப்பானுங்கோ." பொந்துச் சுவர் என்பதால் உடைத்த இடத்தில் தெரிந்த பொந்துகளைக் கல் வைத்து அடைத்து, எலி நுழையாமல் கம்பி வலை பதித்துப் பூசினேன். ஓட்டைக்குள் கல்லைச் சரிவாக வைத்ததால் சந்தில் நின்று குனிந்தாலும் உள்ளே எதுவும் தெரியாது. பெண்கள் புழங்குகிற வீடு. அதை நான் மறப்பதில்லை.

பிறகு ஜாலி. மூன்று வருஷத்துக்கு முன் ஒவ்வொரு கல்லாக நானே வைத்தது. மொட்டை மாடியில் மிச்சம் கிடந்த ஃப்ளை ஆஷ் கற்களை ஜெகன் எடுத்துக் கொடுத்தான். நானே கரணை பிடித்து அடைத்தேன். பாஸ்கர் கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்றேன்.

மணி ஐந்து. கடைசிக் கல் உட்கார்ந்த பிறகு, பைக்குள் இருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தி, தெற்கு ஓட்டைக்கு முன் தரையில் வைத்தேன். புகை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு தரையோடு முற்றத்துக்கு நகர்ந்து, நடுவில் வந்ததும் நிமிர்ந்து, நேராக மேலே போனது. கடல் காற்று கூரைக்கு மேல் போகிறபோது உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பச் சந்திலிருந்து நிழல் காற்று வரும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கஸ்தூரி மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து கணுக்காலில் கை வைத்துப் பார்த்தாள்.

"கால்ல வருது," என்றாள். பிறகு வாசலைப் பார்த்து, "பாஸ்கரண்ணே, ஷீட்ட எடுத்துனு போங்க. என் யார்ட்ட யாரும் மூட வாணாம்," என்றாள்.

அந்தப் பேரை அந்த வீட்டுக்காரர்கள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாஸ்கர் டெம்போவில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டான். "மேஸ்திரி, கூலி வாணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. ஒன்னோட மத்த வூட்லயும் கெயக்கதானே ஜாலி?"

"ஆமாண்டா."

"ஆறு வூடு."

"எண்ணத் தெரியும் எனக்கு," என்றேன்.

புறப்படும்போது கஸ்தூரி வாசல் வரை வந்தாள். கையில் மடித்த வெள்ளைத் துண்டுகள். நூல் பிரியாமல் நாலு ஓரமும் மடித்துத் தைத்திருந்தாள். நான் சுவர் பூசிக்கொண்டிருந்தபோது தைத்திருக்கிறாள்.

"ஆறு கீது," என்றாள். மிச்சம் ஆறு வீட்டுக்கும் வீட்டுக்கு ஒன்று.

மணி ஐந்து நாற்பது. வந்த வழியே திரும்பினேன். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஷேர் ஆட்டோ. அதே டிரெய்லர்கள் அதே இடத்தில் நின்றன. காலடிப்பேட்டை நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று எழுந்தேன். நாலாவது வீட்டுக்கு முன்னாலும் ஒரு பெரிய ரோடு இருக்கிறது. காற்று அடங்குகிற நேரம், துணி வைத்தால் சரியாகத் தெரியாது என்று உட்கார்ந்துவிட்டேன். காற்று அடிக்கிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும். பார்க்கத்தான் போகிறேன். கறுத்தால் ஜாலியை அடைப்பேன், தரையில் திறப்பேன். ஆறு வீட்டுக்காரர்களும் சிரித்தால் சிரிக்கட்டும். எந்த வீட்டிலும் வானத்தை மூட மாட்டேன்.

எம்.கே.பி. நகரில் மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டு. எங்கள் வீட்டில் முற்றம் கிடையாது. ஏழு பேருக்கு வானம் வைத்துக் கொடுத்தவன் வீட்டில் இரண்டு ஜன்னலும் ஒரு மின்விசிறியும்தான். இரண்டு ஜன்னலும் கிழக்கே பார்த்தவை. சரோஜா பையை வாங்கி இட்லி டப்பாவைத் தேடினாள். கையில் துணிகள் வந்தன.

"இன்னாயா இது, கைக்குட்டையா? ஆறு கீது?"

"ஆமா."

அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கினேன். குழாயில் நனைத்துப் பிழிந்து, நாளை மதியக் காற்று வரட்டும் என்று எங்கள் ஜன்னல் கட்டையில் விரித்து வைத்தேன்.